மாதாவைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள்

“இது வேளாங்கண்ணி மாதாதானே அக்கா? டிரெஸ் வேற மாதிரி இருக்குதே?” முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு முதன்முறை வருகிறவர்கள் முன்னறைப் படத்தைப் பார்த்து இப்படித்தான் கேட்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆவடி, பட்டாபிராம், பூந்தமல்லி பக்கம் கிறிஸ்தவ வீடென்றால் வேளாங்கண்ணி மாதா படம் இல்லாமல் இருக்காது. இந்து வீடுகளிலும் பல இடங்களில் இருக்கும். “இது மடு மாதா” என்பேன். “மடுவா? எங்க இருக்கு?” “மன்னார்ல.” “மன்னார்குடியா?” இந்த இடத்தில் சிரித்துவிட்டுத் தேநீர் போடப் போய்விடுவேன். சொல்லத் தொடங்கினால் கதை நீளும்.

நான் இலங்கையின் மன்னார்த் தீவில் பேசாலையில் பிறந்தவள். 1990-ல் படகில் ஏறி இந்தக் கரைக்கு வந்து, மண்டபம் முகாமில் பதிந்து, பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஆயத்த ஆடை கம்பெனியில் கணக்கு எழுதி, இங்கேயே பேரப்பிள்ளையும் கண்டுவிட்டேன். வந்த புதிதில் இந்தப் பக்கம் விமானப்படை என்று எழுதிய பலகையைப் பார்த்ததும் வேறு ஊரில் வீடு பார்க்கலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். எங்கள் ஊரில் அந்தப் பெயரைக் கேட்டால் பதுங்குகுழிக்கு ஓடித்தான் பழக்கம். இப்போது அந்தப் பலகைதான் ஆட்டோக்காரருக்கு நான் சொல்லும் அடையாளம்.

கணக்கு எழுதிய கை எதையும் வரவு, செலவு என்று இரண்டு பத்தியில் போட்டுத்தான் பார்க்கும். மடு மாதாவின் வரலாற்றையும் அப்படிப் போட்டுப் பார்த்திருக்கிறேன். மாதா எங்களைக் காப்பாற்றியது ஒரு பத்தி, நாங்கள் மாதாவைக் காப்பாற்றியது மறு பத்தி. பிரசங்கங்களில் முதல் பத்தியை மட்டும்தான் வாசிப்பார்கள். எனக்கு இரண்டாம் பத்தியில்தான் நாட்டம். அதில் இருப்பவர்கள் என் ஆட்கள்.

கணக்கு 1544-ல் தொடங்குகிறது. பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறையில் பரதவரிடையே வேலை செய்த காலம். மணப்பாட்டிலும் தூத்துக்குடியிலும் நடப்பது மன்னாருக்குத் தெரியாமல் இருக்குமா? ஒரே கடல், ஒரே தொழில், கொண்டான் கொடுத்தான் உறவு. மன்னார்க்காரர்கள் சவேரியாரைக் கூப்பிட்டார்கள். அவரால் வர முடியாமல் வேறொரு குருவை அனுப்பினார். அவர் கையால் திருமுழுக்குப் பெற்றவர்களை அதே ஆண்டில் யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலி படை அனுப்பி வெட்டினான். சுமார் 600 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. தன் குடிகள் போர்த்துக்கீசர் பக்கம் சாய்கிறார்கள் என்ற பயம் அவனுக்கு. அந்தப் பயம் வீணில்லை என்று பின்னால் நடந்தவை காட்டின. 1560-ல் போர்த்துக்கீசர் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டினார்கள். 1619-ல் யாழ்ப்பாண அரசே அவர்கள் கைக்குப் போனது.

மன்னார்த் தீவுக்கு எதிரே, பெருநிலத்தில், மாந்தை. பழைய மாதோட்டத் துறைமுகம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் அங்கேதான். அந்தக் கோயிலைப் போர்த்துக்கீசர் இடித்தார்கள். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலும் அவர்கள் தளபதி பிலிப் டி ஒலிவேராவின் காலத்தில் தரைமட்டமானது. மாந்தையில் ஆரோக்கிய மாதாவுக்கு ஒரு கோயில் எழும்பியது அவர்கள் ஆட்சியில்தான். மடுவில் இன்று நாங்கள் கும்பிடும் சுரூபத்தின் முதல் வீடு அது. சைவர்களின் இழப்பை மறைத்துவிட்டு மடு மாதாவின் வரலாற்றை எழுதினால் அது பொய்க் கணக்கு. அடுத்தவர் சாமியை வீடில்லாமல் ஆக்கியவர்கள் கொண்டுவந்த மாதா, பிறகு தானே வீடில்லாமல் நின்றாள்.

அது தொடங்கியது 1658-ல். டச்சுக் கம்பெனியின் தளபதி ரைக்லாஃப் வான் கூன்ஸ் ஒரே ஆண்டில் தூத்துக்குடி, மன்னார், யாழ்ப்பாணம், நாகப்பட்டினம் நான்கையும் போர்த்துக்கீசரிடமிருந்து பறித்தார். வரைபடத்தை விரித்து இந்த நான்கு ஊரையும் தொட்டுப் பார்த்தால், தமிழ்க் கத்தோலிக்கர் வாழ்ந்த கரை ஏறக்குறைய முழுவதும் ஒரே ஆண்டில் கைமாறியது விளங்கும். தூத்துக்குடிப் பரதவர் தங்கள் பனிமய மாதாவை நகருக்கு வெளியே கொண்டுபோய்ப் பத்திரப்படுத்தினார்கள் என்பது அந்த ஊர் மரபு. மன்னாரிலும் அதே நெருக்கடி, அதே யோசனை.

டச்சுக்காரர்களுக்குச் சுரூபம் என்றாலே ஆகாது. அவர்கள் சீர்திருத்த சபைக்காரர்கள். படத்துக்கும் சிலைக்கும் முன்னால் முழங்காலிடுவது அவர்கள் கண்ணில் விக்கிரக ஆராதனை. கூடவே அரசியலும் உண்டு. கத்தோலிக்கக் குரு என்றால் போர்த்துக்கீசரின் ஒற்றன் என்பது அவர்கள் முடிவு. 1658-லேயே ஆணை வந்துவிட்டது: கத்தோலிக்கக் குருவுக்கு இடம் கொடுத்தால் மரண தண்டனை. கோயில்கள் பள்ளிக்கூடமாகவும் டச்சு வழிபாட்டு மண்டபமாகவும் மாறின. யாழ்ப்பாணத்தில் வேலை பார்த்த பாதிரியார் பிலிப்பு பால்தேயு 1672-ல் வெளியிட்ட புத்தகத்தில் அந்தக் கோயில்களின் படங்களே இருக்கின்றன. போர்த்துக்கீசர் கட்டிய சுவர்கள், உள்ளே டச்சுப் பிரசங்கம்.

சனங்கள் என்ன செய்தார்கள்? இரண்டு வாழ்க்கை வாழ்ந்தார்கள். பிள்ளையின் ஞானஸ்நானமும் கல்யாணமும் பள்ளித் தோம்பில், அதாவது பதிவேட்டில், ஏறினால்தான் சட்டப்படி செல்லும். தோம்பில் பெயர் இல்லாதவனுக்குக் காணி உரிமையிலும் சிக்கல். ஆகவே பகலில் டச்சுப் பள்ளிக்குப் போய்ப் பெயர் பதிந்தார்கள். இரவில் கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொன்னார்கள். குரு இல்லை, பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. மனப்பாடமான செபங்களும் ஒளித்து வைத்த சுரூபங்களும்தான் மிச்சம். குருவே இல்லாத ஊரில் ஒரு சுரூபத்துக்கு எவ்வளவு கனம் கூடும் என்று யோசித்துப் பாருங்கள். திருச்சபை என்று கண்ணால் பார்க்கக்கூடிய ஒரே பொருள் அதுதான்.

இப்படிப் பன்னிரண்டு வருடம் ஓட்டியபின் 1670-ல் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் சுரூபத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போயின. மடுவின் வரலாறு இந்த ஒரு வரியில் தொடங்குகிறது. எழுதியவர்கள் எல்லோரும் இந்த வரியைச் சொல்லிவிட்டுத் தாண்டிப் போகிறார்கள். நான் அந்த இடத்தில் நின்றுவிடுகிறேன். நானும் ஒருமுறை குடும்பத்தோடு கிளம்பியவள். கிளம்புவது ஒரு வரியில் முடிகிற வேலையில்லை என்று தெரியும்.

மாந்தையிலிருந்து தென்கிழக்கே, கட்டுக்கரைக்குளத்தைத் தாண்டி, வன்னிக் காட்டுக்குள் மருதமடு, இன்றைய மடு. குஞ்சு குருமானோடும் மாடு கன்றோடும் ஒரே நாளில் நடக்கிற தூரமில்லை. யானையும் கரடியும் பாம்பும் உள்ள காடு. விதைநெல் வேண்டும், உப்பு வேண்டும், நெருப்பு வேண்டும். வயதானவர்களை விட்டுவிட்டா போக முடியும்? இவ்வளவுக்கும் நடுவில் யாரோ ஒருவர் இரண்டு கையும் மாதாவுக்கே கொடுத்துவிட்டு நடந்திருக்கிறார். அந்த இரண்டு கை ஒரு மூட்டை நெல்லைச் சுமந்திருக்கலாம், ஒரு பிள்ளையைச் சுமந்திருக்கலாம். பக்தியின் விலை அங்கேதான் தெரிகிறது.

காட்டைத் தேர்ந்தெடுத்ததும் புத்திசாலித்தனம். டச்சு ஆட்சிக்குக் கரையோரத்தில்தான் பிடிமானம். உள்காட்டில் வன்னியர் தலைவர்கள்; அதற்கும் அப்பால் கண்டி அரசன். அதிகாரம் மெலிந்துபோகும் ஓர் எல்லைக்கோட்டைப் பார்த்துத்தான் மாதாவை வைத்தார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்தும் கத்தோலிக்கர் தப்பிவந்து அவர்களோடு சேர்ந்தார்கள். 700 பேர் என்று மரபு சொல்கிறது. போர்த்துக்கீசத் தளபதி ஒருவரின் மகள் எலேனா என்பவள் அங்கே சிறு கோயில் கட்டினாள் என்பதும் மரபுதான். ‘சிலேனா மருதமடு’ என்று ஊருக்குப் பழைய பெயர் ஒன்று வழங்கியதற்கு அவளைத்தான் காரணம் சொல்வார்கள்.

கத்தோலிக்கர் குரு இல்லாமல் காட்டுக்குள் ஒளிந்திருந்த நாளில், கத்தோலிக்கரைத் தேடி ஒரு குரு வந்தார். கோவாவில் பெனவுலிம் ஊரில் 1651-ல் பிறந்த யோசேப் வாஸ். 1687-ல் கூலிக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். கழுத்தில் பெரிய செபமாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீட்டுக்கு வீடு பிச்சை கேட்பாராம். அந்த மாலையைக் கண்டு எந்த வீட்டில் முகம் மாறுகிறதோ அது நம் வீடு. இப்படித்தான் சில்லாலையில் மறைந்திருந்த கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார். 1689 கிறிஸ்துமஸ் இரவில் டச்சு ஆணையர் வான் ரீட் யாழ்ப்பாணத்தில் திடீர்ச் சோதனை போட்டுப் பலரைச் சிறைப்பிடித்தார். வாஸ் தப்பினார். பிறகு கண்டிக்குப் போய், அங்கே ஒற்றன் என்று சிறைப்பட்டு, அரசனின் நம்பிக்கையைப் பெற்று, 1697-ல் அம்மை நோய் பரவியபோது தெருத்தெருவாக நோயாளிகளைப் பார்த்து, 1711 ஜனவரி 16-ல் இறந்தார். அவரும் அவரைத் தொடர்ந்து கோவாவிலிருந்து வந்த ஒரட்டோரியன் குருக்களும்தான் இலங்கைக் கத்தோலிக்கத்தை நிமிர்த்தி நிறுத்தினார்கள். அவர்கள் வரும்வரை அதை விழாமல் தாங்கிப் பிடித்தவர்கள் மூப்பர்களும் வீட்டுப் பெண்களும். வாசுக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது, அது சரியானதுதான். மற்றவர்களுக்குப் பெயரே மிஞ்சவில்லை.

1796-ல் ஆங்கிலேயர் வந்தார்கள். 1806-ல் கவர்னர் மெயிட்லண்ட் கத்தோலிக்கருக்கு எதிரான டச்சுச் சட்டங்களை நீக்கினார். அதற்குப் பிறகு மாதாவுக்கு நல்ல காலம். 1872-ல் ஆயர் பொன்ஜீன் இன்றுள்ள பெரிய கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார். 1914-ல் தலைமன்னார் றெயில் பாதை திறந்ததும் தெற்கிலிருந்து சிங்களவர்களும் எளிதாக வரத் தொடங்கினார்கள். சென்னை எழும்பூரில் போட் மெயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி றெயில் பிடித்தால் மடு றோட் ஸ்டேஷன். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை அந்த வழி இருந்தது. 1924 ஜூலை 2-ல் திருத்தந்தையின் பெயரால் சுரூபத்துக்கு முடி சூட்டினார்கள். ஜூலை 2-ம் ஆகஸ்ட் 15-ம் மடுவின் பெரிய திருவிழாக்கள். 

நான் அறிந்த மடு அந்த நல்ல காலத்தின் கடைசிப் பகுதி. திருவிழா என்றால் ஒரு நாள் போய்க் கும்பிட்டுத் திரும்புவதில்லை. நவநாள் முழுக்க அங்கேயே குடியிருப்போம். பேசாலையிலிருந்து பாய், சட்டி, அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் கட்டிக்கொண்டு போய் மரத்தடியில் கொட்டில் போடுவார் அப்பா. பக்கத்துக் கொட்டிலில் நீர்கொழும்பிலிருந்து வந்த சிங்களக் குடும்பம். அந்தப் பக்கத்தில் வவுனியாச் சைவக் குடும்பம், வேண்டுதலுக்கு வந்தவர்கள். உலை வைக்க நெருப்புக் கேட்டுப் போவதற்கு மொழி தெரிய வேண்டியதில்லை. கிளம்பும் நாளில் அம்மம்மா மடு மண் ஒரு பிடி எடுத்துத் துணியில் முடிவார். பாம்பு தீண்டினால் அந்த மண் மருந்து என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருடைய நம்பிக்கையும். காட்டுக்குள் ஓடிவந்து குடியேறியவர்களின் முதல் பயம் எதுவாக இருந்திருக்கும் என்பதற்கு அந்த நம்பிக்கையே சாட்சி.

1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியது. அந்த மாதங்களில் எங்கள் ஊர்களிலிருந்து ராமேசுவரம் நோக்கிப் படகுகள் ராத்திரி ராத்திரியாகப் புறப்பட்டன. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் சுமார் 30 கிலோமீட்டர்தான். பகலில் போனால் கடற்படை, இரவில் போனால் கடல். எங்கள் படகில் ஏறவேண்டியவர்களைவிட அதிகம் பேர் ஏறிவிட்டார்கள். பாரம் குறைக்கச் சொன்னார் ஓட்டி. பக்கத்து வீட்டு அக்கா தையல் மெஷினைக் கரையில் இறக்கி வைத்துவிட்டு அழுதார். அம்மா அரிசிப் பையை இறக்கினார். சீலையில் சுற்றிய சட்டம் போட்ட படத்தை மட்டும் மடியிலிருந்து எடுக்கவில்லை. “அது என்னம்மா, அதையும் வையுங்கோ” என்றார் ஓட்டி. “மாதா தம்பி” என்றார் அம்மா. அவர் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. மண்டபத்தில் பதியும்போது மூட்டையைப் பிரிக்கச் சொன்ன காவலரும் படத்தைப் பார்த்துவிட்டு, “வேளாங்கண்ணிக்கு நேர்ச்சையா?” என்றுதான் கேட்டார்.

அந்த மண்டபம் முகாமும் பழைய இடம்தான். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய வெள்ளைக்காரன் காலத்தில் கூலிகளை நோய்த்தடுப்புக்காக அடைத்து வைத்த இடம். போகிறவர்களை அடைத்த கட்டடத்தில் வருகிறவர்களை வைத்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் மன்னார் உட்பட வட மாகாண முஸ்லிம்கள் எல்லோரையும் புலிகள் வெளியேற்றிய செய்தியை முகாமில்தான் கேட்டோம். எங்கள் பேசாலைச் சந்தையில் அப்பாவோடு மீன் வியாபாரம் செய்தவர்கள் அவர்கள். துன்பப்பட்டது நாங்கள் மட்டும் என்று யாரும் என் முன்னால் கதைத்தால் இதைச் சொல்லாமல் விடமாட்டேன்.

கடலைக் கடக்க முடியாதவர்கள் மடுவுக்கு ஓடினார்கள். 1670-ல் எதற்காக அந்த இடத்தைத் தேர்ந்தார்களோ அதே காரணம். ஐ.நா. அகதிகள் ஆணையம் 1990-ல் அங்கே நிவாரண மையம் திறந்தது. திருவிழாக் கொட்டில் போட்ட அதே மரத்தடிகளில் பல்லாயிரம் பேர் வருடக்கணக்கில் குடியிருந்தார்கள். மாதாவின் பத்தியில் எழுதவேண்டிய வரவு இது. அந்தக் காலத்தில் மடு காப்பாற்றிய உயிர்கள் நிறைய. ஆனால் 1999 நவம்பர் 20 இரவு கோயில் வளாகத்திலேயே எறிகணைகள் விழுந்தன. தஞ்சம் புகுந்திருந்தவர்களில் சுமார் 40 பேர் இறந்தார்கள், குழந்தைகளும் சேர்த்து. இராணுவமும் புலிகளும் ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டார்கள். மாதா ஏன் தடுக்கவில்லை என்று அன்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. செய்தியைக் கேட்ட அம்மா, “மாதாவுக்கு ஒன்றுமில்லையே?” என்று கேட்டார். வேற்று ஆளுக்கு இந்தக் கேள்வி விசித்திரமாகப் படலாம். இருபது குடும்பங்களின் வழியில் வந்தவருக்கு அது இயல்பான கேள்வி.

2001-ல் சுரூபம் மடுவை விட்டு வெளியே வந்து இலங்கையின் பங்குகளெங்கும் பயணம் போனது. சண்டையால் மடுவுக்கு வரமுடியாத தெற்குச் சனங்கள் வீதியோரம் காத்திருந்து பார்த்தார்கள். அடுத்த பிப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தது; பக்தர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டுத்தான் பேசுவார்கள். கொஞ்ச வருடம் பழைய திருவிழாக்கள் திரும்பின. பிறகு மறுபடி போர். 2008 ஏப்ரல் தொடக்கத்தில் முன்னரங்கு மடுவை நெருங்கியபோது குருக்கள் சுரூபத்தை எடுத்துக்கொண்டு வடக்கே தேவன்பிட்டிக்குப் போனார்கள். புலிகள் எடுத்துப்போகச் செய்தார்கள் என்றது அரசு. பாதுகாப்புக்காகக் குருக்களே எடுத்த முடிவு என்றது ஆயர் இராயப்பு ஜோசப்பின் மன்னார் மறைமாவட்டம். மாதம் முடியுமுன் மடு இராணுவத்தின் கையில். அந்த ஆகஸ்டில் சுரூபம் திரும்ப வந்தது. அதுவரை கோயில் மட்டும் இராணுவத்திடம், மாதா இல்லை. நாடு முழுவதும் அதைப் பற்றியே பேசியது. சுரூபம் இல்லாத மடு வெறும் கட்டடம் என்பது, கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கும் அந்த நாலு மாதத்தில் விளங்கியிருக்கும்.

2015 ஜனவரி 14-ல் திருத்தந்தை பிரான்சிஸ் காலையில் கொழும்பில் யோசேப் வாசைப் புனிதராக அறிவித்துவிட்டு, பிற்பகல் மடுவுக்கு வந்தார். நாங்கள் இங்கே தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். அந்தச் சுரூபம் தன் கோயிலிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட துயர நாளை இலங்கையர் யாரும் மறக்க முடியாது என்ற பொருளில் அவர் பேசினார். அப்பாவுக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான். ஆனாலும் அந்தப் பேச்சோடு எனக்கு ஒரு சின்ன வழக்கு உண்டு. அந்த நாள் துயரமானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுரூபத்தை எடுத்துக்கொண்டு போவது மடு மரபுக்குப் புதிதில்லை, அதுதான் மடு மரபே. மாந்தையிலேயே மாதாவை விட்டுவிட்டு ஓடியிருந்தால் மடு என்று ஒரு திருத்தலம் இருந்திருக்காது. 2008-ல் வாகனத்தில் ஏற்றியவர்கள் 1670-ல் நடந்தவர்களின் வேலையைத்தான் செய்தார்கள்.

முத்தாபுதுப்பேட்டைக்கு வந்தும் அந்த வேலை ஓயவில்லை. அக்டோபர் செபமாலை மாதத்தில் அன்பியம் என்ற தெருக் குழுவினர் ஒரு மாதா சுரூபத்தை வீடு வீடாகக் கொண்டுபோவார்கள், வீட்டுக்கு ஒரு இரவு. மறுநாள் மாலை அடுத்த வீட்டுக்காரர் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கைமாற்றத்தைக் கவனித்திருக்கிறேன். கொடுப்பவர் உடனே விடமாட்டார். வாங்குபவரின் இடது கை பீடத்துக்கு அடியில் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் பிடியைத் தளர்த்துவார். “புடிச்சீங்களா? புடிச்சீங்களா?” என்று இரண்டு தரம் கேட்பார். கீழே விழுந்தால் உடைவது சாந்துதான், கடையில் இன்னொன்று வாங்கலாம். ஆனால் அந்த ஒரு நொடியில் அப்படி யாரும் நினைப்பதில்லை. தன்னைக் காக்கிற மாதாவைத் தான் காக்கவேண்டியிருக்கிறது என்பதில் அவர்களுக்கு முரண்பாடு எதுவும் தெரிவதுமில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவிலும் தண்ணீர் ஏறியது. கரண்ட் போய்விட்டது. மேல்வீடு இல்லாதவர்கள் ஃபிரிட்ஜைச் செங்கல் மேல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டம்மா பூசை அலமாரியிலிருந்து திருவேற்காட்டுக் கருமாரியம்மனை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் லாஃப்ட் கொஞ்சம் உயரம். “இதையும் கொஞ்சம் மேல வெச்சிருங்க அக்கா.” என் பேத்தி ஸ்டூலில் ஏறி, மடு மாதாவைக் கொஞ்சம் ஒதுக்கி, கருமாரிக்கு இடம் பண்ணினாள். சர்டிபிகேட் பையும் ரேஷன் கார்டும் அதற்குப் பிறகுதான் மேலே போயின. மாந்தையில் கேதீச்சரத்தை இடித்துப் போட்ட கதை எனக்கு ஒரு நிமிடம் ஞாபகம் வந்தது. பேத்திக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் அவள் இதையே செய்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது கணக்கை முடிக்கிறேன். மாதாவின் பத்தியில் நிறைய வரவு உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மறு பத்தியில் உள்ளவர்களின் பெயர்ப் பட்டியலைத் தேடினால் என்ன கிடைக்கிறது? சங்கிலியின் பெயர் இருக்கிறது. வான் கூன்ஸ், வான் ரீட், மெயிட்லண்ட், பொன்ஜீன் எல்லோர் பெயரும் தேதியோடு இருக்கிறது. மாந்தையிலிருந்து நடந்தவர்களுக்கு ‘இருபது குடும்பங்கள்’ என்ற எண்ணிக்கை மட்டும்தான். 1670-க்கு இனி ஒன்றும் செய்ய முடியாது. 1990-க்கும் 2008-க்கும் செய்யலாம். ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். மன்னாரிலும் மண்டபத்திலும் கும்மிடிப்பூண்டியிலும் புழலிலும் கனடாவிலும், எந்தப் படத்தை யார் மடியில் வைத்துக்கொண்டு வந்தார், அதற்காக எதைக் கரையில் இறக்கினார் என்று கேட்டு எழுதவேண்டும். ஆயர்களின் பெயர் உள்ள கல்வெட்டுக்குப் பக்கத்தில் அதையும் வைக்கலாம். எங்கள் வீட்டு வரியை நான் எழுதிவிட்டேன்: அம்மா, பேசாலை, 1990, ஒரு பை அரிசி.